திருந்திய தந்தை

பெண்கள் அறிவியலில் முன்னேற வேண்டும் என்பதில் அந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இருந்த அக்கறையைப் பார்த்தால் கல்லும் கரைந்துவிடும். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. அதில் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு பெண், நீலத் தண்ணீர் நிரம்பிய குடுவையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் அங்கே வேலை பார்ப்பவள் அல்ல. பற்பசை விளம்பரத்துக்கு வந்தவளைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி எடுத்த படம். நிஜமாகவே அங்கே வேலை பார்த்த பெண் அடித்தளத்தில் இருந்தாள். அங்கே வெளிச்சம் போதவில்லை என்று புகைப்படக்காரர் சொல்லிவிட்டார்.

அடித்தளத்துப் பெண்ணை எல்லோரும் விரிசல் மேடம் என்பார்கள். பாலங்களில் விழுகிற விரிசல்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு நீளமான கான்கிரீட் உத்தரத்தை இரும்புச் சட்டத்தில் ஏற்றி, ஓயாமல் அழுத்தி அழுத்தி விடுவித்து, ஒரு பாலம் தன் ஆயுள் முழுக்கப் படுகிற பாட்டை அது சீக்கிரமே பட்டு முடிக்கும்படி செய்வாள். உத்தரத்தின் மேல் நாணயம் அளவுக்குச் சின்னச் சின்ன ஒலிவாங்கிகள் ஒட்டியிருக்கும். விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே கான்கிரீட்டுக்குள் மெல்லிய சத்தம் எழும். அந்தச் சத்தத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்துவிட்டால், பாலம் விழுவதற்கு முன்பே அதன் மேல் ஓடுகிற வண்டிகளை நிறுத்திவிடலாம். நல்ல வேலை. நாலு பேர் உயிரைக் காப்பாற்றுகிற வேலை. ஆனால் தற்காலிக வேலை.

வருஷா வருஷம் வேலையை நீட்டிப்பார்கள். நிரந்தரம் மட்டும் செய்ய மாட்டார்கள். ஏன் என்பதை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மிகுந்த வருத்தத்தோடு சொல்வார். ஆரம்பத்தில், "இன்னும் கல்யாணம் ஆகலையேம்மா. நாளைக்கே ஆயிட்டா கிளம்பிடுவ" என்றார். சில வருஷம் கழித்து, "இவ்வளவு நாளா கல்யாணம் ஆகலைன்னா ஏதோ இருக்குன்னுதானேம்மா குழுவுல நினைப்பாங்க" என்றார். அதற்கும் பிறகு, "வீட்டுல வயசான அப்பாவ வச்சிருக்க. உன் கவனம் முழுசா இங்க இருக்கும்னு நான் எப்படிம்மா உத்தரவாதம் கொடுக்கறது" என்றார். அங்கே வேலை பார்த்த ஆண்களுக்கெல்லாம் அப்பாவே கிடையாது போலிருக்கிறது.

இந்த வருஷம் நீட்டிப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடித்தளத்தைக் காலி செய்து, விருந்தினர்கள் கார் நிறுத்தும் இடமாக மாற்றப் போகிறார்களாம். உத்தரத்தை உடைத்து அள்ளுகிறவன் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டான். சோதனை அப்போது பாதியில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் அத்தனையும் வீண். மறுபடி தொடங்க அவளுக்கு வேறு எங்கும் இடமில்லை. ஒரே ஒரு வழிதான் மிச்சம். 'அறிவியல் மகளிர் ஊக்குவிப்பு விருது' வாங்கிய பெண்ணின் பணி தானாகவே நிரந்தரமாகிவிடும் என்று எங்கோ ஒரு விதி இருந்தது. அந்த விருதைக் கொடுப்பது, நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அறக்கட்டளை.

அறக்கட்டளைக்கும் தலைவர் அதே இயக்குநர்தான். நிறுவனத்தின் சார்பில் அறக்கட்டளைக்கு ஒரு கோரிக்கை எழுதுவார். எழுந்துபோய் மேசையின் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படிப்பார். திருப்தி இல்லையென்றால் மறுத்துவிடுவார். பிறகு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மறுத்துவிட்டார்களே என்று மனம் உடைந்துபோவார். அவ்வளவு நேர்மை.

நேர்காணல் செய்தவர் அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர். சுறுசுறுப்பான அம்மாள். இதற்கு முன்பு கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தவர். கெட்ட மனம் என்று சொல்ல முடியாது. விரிசல் மேடம் கொண்டுபோயிருந்த வரைபடச் சுருளைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க தடை யாரு மேடம்?"

"புரியலையே."

"தடை. நீங்க முன்னுக்கு வராம மறிச்சவங்க. விழாவுல அவங்க உங்க பக்கத்துல மேடையில உட்காரணும். எல்லார் முன்னாலயும் தப்ப ஒத்துக்கணும், திருந்தணும். அதுக்குப் பிறகுதான் உங்களுக்கு விருது. நம்ம நிகழ்ச்சிக்கு உயிரே அதுதான்."

விரிசல் மேடம் பொய் சொல்லிப் பழகாதவள். யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "எங்க கட்டடத்துல பெண்களுக்குக் கழிப்பறை இல்ல. மழையானாலும் வெயிலானாலும் பக்கத்துக் கட்டடத்துக்குத்தான் ஓடணும்."

"அது குழாய் சம்பந்தப்பட்டது."

"நான் எழுதின கட்டுரை என் பேர் இல்லாம வந்திருக்கு. இயக்குநர் பேர் மட்டும் இருக்கு."

"அது அச்சு சம்பந்தப்பட்டது."

"இத்தன வருஷமா என்ன நிரந்தரம் பண்ணல."

"அது நிர்வாகம் மேடம். நான் தடையக் கேக்கறேன். ஆள். ரத்த சொந்தமா இருந்தா ரொம்ப நல்லது."

"சமூகம்னு வச்சுக்கலாமா?"

"முதல் வருஷம் ஒருத்தங்க அப்படித்தான் சொன்னாங்க. மேடையில நாற்காலி காலியா கெடந்துச்சு. யாரத் திட்டறதுன்னு தெரியாம சிறப்பு விருந்தினர் ரொம்ப சங்கடப்பட்டுட்டார். அதுலேருந்து சமூகத்த எடுத்துட்டோம்."

போன வருஷம் விருது வாங்கிய வேதியியல்காரிக்கு மாமியார்தான் தடை என்று முடிவாயிற்று. ஆனால் அந்த மாமியார் எப்போதோ இறந்துபோயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து மாமியாராக உட்காரவைத்தார்கள். அந்த அம்மாவுக்கு மைக்கைப் பார்த்ததும் உற்சாகம் பிறந்துவிட்டது. மருமகளைப் பட்டினி போட்டேன், இருட்டறையில் பூட்டினேன் என்று எழுதிக் கொடுக்காததையெல்லாம் சேர்த்து அவிழ்த்துவிட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதற்குப் பிறகு அவருடைய மகனுக்கு யாரும் பெண் கொடுக்க முன்வரவில்லை என்று கேள்வி.

"அப்பா இருக்காரா உங்களுக்கு?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"இருக்கார்."

"என்ன வேல பார்த்தார்?"

"பஸ் ஓட்டினார்."

அம்மாள் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. குடிப்பாரா?"

"கிடையாது."

"அடிப்பாரா?"

"ஒரு தடவகூட அடிச்சதில்ல."

"பரவாயில்ல மேடம், கவலப்படாதீங்க," என்று அவர் ஆறுதல் சொன்னார். "சரி பண்ணிக்கலாம்."

இந்த அப்பாவைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மனைவி இறந்தபோது அவருக்குப் பிள்ளை வளர்க்கவும் தெரியாது, சமைக்கவும் தெரியாது. இரண்டையும் கற்றுக்கொண்டார். மகள் பொறியியல் படிக்கப் போனதும் அவர் செய்த முதல் காரியம், தன் வழித்தடத்தை மாற்றித் தரச் சொல்லி பணிமனையில் போய் நின்றது. கல்லூரி வழியாகப் போன பஸ்ஸை எந்த ஓட்டுநரும் விரும்ப மாட்டார். சாலை முழுக்கப் பள்ளம். இவர் அதைக் கேட்டு வாங்கினார். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருவாள். அவள் எழுதிக்கொண்டிருக்கும்வரை பஸ் ஊர்ந்து போகும். எழுதி முடித்து நிமிர்ந்தால் வேகம் எடுக்கும். பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். "என்ஜின் சூடாயிருக்குங்க" என்பார். என்ஜின் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் பெண். பட்டறை வகுப்பில் ஆசிரியர் அவளை இயந்திரத்தைத் தொட விடாமல் ஓரமாக உட்காரவைத்து, மற்றவர்கள் செய்வதை எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அது தெரிந்ததும் அப்பா காக்கிச் சட்டையோடு போய் நின்றார். "தொடாம எப்படிங்க கத்துக்கும்? நான் பஸ்ஸ பார்த்துக்கிட்டே இருந்து ஓட்டக் கத்துக்கலைங்க" என்றார். மறுநாளிலிருந்து அவள் இயந்திரத்தைத் தொட்டாள். அப்படிப்பட்ட மனிதரைத்தான் அறக்கட்டளை தடை என்று தேர்ந்தெடுத்தது.

வீட்டுக்கு வந்து மகள் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஒத்துக்கிட்டா உத்தரத்த உடைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வேணாம்ப்பா. நான் வேற வேல தேடிக்கறேன்."

"வேற எடத்துக்கு அந்த உத்தரத்த யாரு தூக்கிட்டு வருவா?"

அவள் எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.

"ஒரு வார்த்த சொல்றதுதானே பாப்பா. பஸ் ஓட்டி நான் வாங்காத திட்டா?"

"செய்யாத தப்ப நீங்க ஏன்ப்பா சொல்லணும்?"

"சொல்லிட்டா செஞ்சதா ஆயிடுமா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

அவள் இன்னும் உறுதியாக மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அடித்தளத்தில் பாதி முடிந்து நிற்கிற சோதனைதான் அவள் கண்முன் நின்றது. மறுநாள் அப்பாவே தொலைபேசியில் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, "நான்தாங்க தடை, எப்ப வரணும்?" என்று கேட்டுவிட்டார்.

அப்போதே அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டு மறுபடி போடுவார். கடைக்குப் போனால் எதற்குப் போனோம் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவார். இனிமேல் ஒவ்வொன்றாக நழுவிப்போகும் என்றும், தினமும் சொல்லிப் பழகுகிற விஷயங்கள் மட்டும் கொஞ்ச காலம் தங்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகள் தினமும் காலையில் வீட்டு முகவரியையும் தன் தொலைபேசி எண்ணையும் அவரைச் சொல்ல வைப்பாள். இப்போது அதோடு அறக்கட்டளை கொடுத்த வசனமும் சேர்ந்துகொண்டது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னு கேட்டேன். புத்தகத்தக் கிழிச்சுப் போட்டேன். காலேஜுக்குப் போனா கால ஒடைப்பேன்னு சொன்னேன். நான் பாவி. என் மக என்ன மன்னிக்கணும்." இதுதான் வசனம். எழுதியது இயக்குநர். இலக்கியத்திலும் அவருக்கு ஈடுபாடு உண்டு.

ஒத்திகைகள் நிறுவனத்தின் கூட்ட அறையில் நடந்தன. முதல் ஒத்திகை முழுத் தோல்வி. வசனத்தைச் சொல்லும்போது அப்பா மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கால ஒடைப்பேன்" என்ற இடத்தில் குரல் இறங்கிப்போய், கால் வலிக்கிறதா என்று விசாரிப்பதுபோல ஒலித்தது. அறக்கட்டளைக் குழு அவசரமாகக் கூடி, தடை போதிய அளவுக்குத் தடையாக இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. மீசை வளர்க்கச் சொன்னார்கள். வளர்த்தார். மீசையில் அவர் இன்னும் சாதுவாகத் தெரிந்தார்.

மேடையில் தூக்கிக் காட்டுவதற்கு என்று அறக்கட்டளையிடம் கிழிந்த புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் அதே புத்தகம்தான். பழகிக்கொள்ளட்டும் என்று அதை அப்பாவிடம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அப்பா அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கிழிந்த பக்கங்களைத் தேடி வரிசைப்படுத்தி, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டி, அட்டையும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"என்னங்கய்யா இப்படிப் பண்ணிட்டீங்க," என்று ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புத்தகங்க அது," என்றார் அப்பா.

"அதக் கிழிச்சவரே நீங்கதான்."

"ஆமாங்க, மறந்துட்டேன்," என்று அவர் சமாளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். விரிசல் மேடமும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்காமல் இருப்பதற்கு ஒருங்கிணைப்பாளரே ஒரு வழி கண்டுபிடித்தார். மகளைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள் என்றார். அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். சரியாக வந்தது. பிறகு வீட்டிலும் பல் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, ஜன்னல் ஓரம் நிற்கும்போது, தரையைப் பார்த்தபடி முணுமுணுக்கத் தொடங்கினார். சமையலறையில் நிற்கிற மகளுக்கு அது கேட்கும். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

விழா நாள் வந்தது. மேடையில் ஏழெட்டு ஆடம்பர நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆண்கள். விருது வாங்குபவளுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. தடைக்குப் போடுகிற நாற்காலி மட்டும் ஒரு படி கீழே இருக்கும்; அதற்கு என்றே தாழ்வாகச் செய்யச் சொல்லி வாங்கியது. அப்பா அதில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் பேசினார். அவர் பேச்சை அப்படியே தருகிறேன். என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"பெண்களை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்பதற்கு இந்த அம்மையாரே சாட்சி. இவரை நான் இத்தனை ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில்தான் வைத்திருந்தேன். ஏன்? பெண் சுதந்திரமானவள். நிரந்தரம் என்ற விலங்கை அவள் காலில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. இவர் அடக்கமானவர். ஆகவே இவருடைய கட்டுரைகளில் இவர் பெயரைப் போட்டுச் சங்கடப்படுத்தியதில்லை; அந்தச் சுமையை நானே சுமந்தேன். இவர் வேலை செய்யும் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெண்களைத் தனியாகப் பிரித்து வைப்பதா என்று நான் கடுமையாக எதிர்த்தேன். இப்படி ஒவ்வொரு படியிலும் நான் இவருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். ஆனால், ஒரு பெண்ணுக்கு எதிரி எங்கே இருக்கிறான்? வெளியிலா? இல்லை. வீட்டில் இருக்கிறான்." என்று சொல்லி, அந்தத் தாழ்ந்த நாற்காலியைக் கையால் காட்டினார்.

அப்பா எழுந்தார். தரையைப் பார்த்தார். ஒரு சொல் பிசகாமல் முழு வசனத்தையும் சொன்னார். புத்தகத்தைக் கிழித்தேன் என்ற இடத்தில் அரங்கத்தில் 'ச்சே' என்று ஒரு சத்தம் எழுந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். அப்பா அவள் பக்கம் திரும்பி, "இருக்கும்மா" என்றார். அது வசனத்தில் இல்லாதது.

இயக்குநர் இறங்கி வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். "பெரியவரே, உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பெண்கள் அடித்தளத்துலயே கெடக்கறாங்க. புரியுதா?"

"புரியுதுங்க. தப்புதாங்க."

கைதட்டல் அடங்கவே இல்லை. சரியாகச் சொன்னேனா என்பதுபோல அப்பா மகளை ஒரு முறை பார்த்தார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. தனக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கப்பா அப்படி இல்லைங்க. அவர் என்னத் தடுத்ததே இல்ல. எனக்காகத்தான்" என்று ஆரம்பித்தாள்.

இயக்குநர் மைக்கை மென்மையாக அவள் கையிலிருந்து வாங்கினார். அவர் கண்களில் நிஜமாகவே நீர். "பார்த்தீர்களா, பெண் மனம் என்பது இதுதான். இவ்வளவு கொடுமை செய்தவரையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். மன்னித்துவிட்டாள்." அரங்கம் எழுந்து நின்றது. அதன்பின் இயக்குநருக்கு 'மகளிரின் மாபெரும் துணைவர்' விருது வழங்கப்பட்டது. அதை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. விரிசல் மேடத்துக்குக் கொடுத்த கேடயம் கையில் அடங்கும் அளவுதான். அவள் கைக்கு அதுதான் வசதி என்று சொன்னார்கள்.

நிரந்தர ஆணை உடனே வரும் என்றுதான் நினைத்தாள். ஆணை தயார், கையெழுத்துதான் பாக்கி என்றார்கள். அதற்குள் இன்னொன்று கேட்டார்கள். விழாவில் எல்லோர் மனத்தையும் தொட்டது தடைதானாம். அதனால் 'திருந்திய தந்தை' என்ற பெயரில் அப்பாவைப் பள்ளி, கல்லூரிகளுக்கு அழைத்துப்போக வேண்டும். கார் வரும், சாப்பாடு உண்டு. பயணம் நல்லபடியாக முடிந்ததும் கையெழுத்து. உத்தரம் அடித்தளத்தில் அழுத்தம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அது உடையப் போகிற நாள்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அதுதான் சோதனையின் முக்கியமான கட்டம். அவள் சரி என்றாள்.

அப்பாவுக்குப் பயணம் பிடித்துத்தான் இருந்தது. காரின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். ஓட்டுகிறவர் பள்ளத்தில் விட்டால் கோபித்துக்கொள்வார். ஊர் ஊராகப் போய்த் தரையைப் பார்த்துத் தன் பாவத்தைச் சொன்னார். திட்டு வாங்கினார். கைதட்டலும் வாங்கினார். வீட்டில் மகளின் தொலைபேசி எண் மறந்துபோயிற்று. முகவரி மறந்துபோயிற்று. ஒரு நாள், இறந்துபோன மனைவியின் படத்தைக் காட்டி இந்த அம்மா யார் என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் பயந்துபோய் ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினாள். "போதும், விட்டுடுங்க. அவருக்கு எல்லாம் மறந்துக்கிட்டே வருது."

"தெரியும் மேடம். நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் அம்மாள், நிஜமான பரிவோடு. "நேத்து கார்ல தன் பேரே ஞாபகம் வரலைன்னார். ஆனா மேடையில ஏத்தினா ஒரு எழுத்து தப்பறதில்ல. அவ்வளவு ஆழமா மனசுல பட்டிருக்கு பாருங்க. இன்னும் ரெண்டே கூட்டம்தான், முடிச்சுக் கொடுத்திடுங்க."

முடித்துக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். கல்லூரி வழித்தடத்தில் அப்பாவோடு வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் இருந்தவர். யாரோ தொலைபேசியில் அந்த விழா வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"என்னண்ணே இது? நீ புள்ளையப் படிக்க விடலையா? நான் கூடவே இருந்தேனேண்ணே. பாப்பா எழுதுதுன்னு பஸ்ஸ உருட்டிக்கிட்டுப் போவியே. ஜனங்க என்னத்தானே திட்டுவாங்க?"

அப்பா அவரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. பிறகு, பெரியவர்கள் சின்னவர்களிடம் பேசுகிற கனிவோடு, "உனக்கு வயசாயிடுச்சுப்பா. மறந்துட்ட" என்றார்.

கண்டக்டர் தேநீர் குடிக்காமல் போய்விட்டார். வாசலில் விரிசல் மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். வாய்விட்டுக் கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பிறகு ஆணை வந்தது. நிரந்தரம், அடித்தளம், உத்தரம், எல்லாம் அவளுக்கே. இயக்குநர் வாழ்த்திவிட்டு, இனி அவளுடைய கட்டுரைகளில் அவள் பெயரும் இரண்டாவதாக வரும் என்று உறுதி அளித்தார். அந்த மாதமே உத்தரம் உடைந்தது. உடைவதற்கு எவ்வளவோ முன்பே அவளுடைய ஒலிவாங்கிகள் அதைச் சொல்லிவிட்டிருந்தன. அவள் நினைத்தது சரியாக இருந்தது. இதற்காகத்தானே இத்தனையும் என்று வீட்டுக்குச் சொல்ல ஓடினாள்.

அப்பா அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டு வைத்தது அப்படியே இருந்தது. "உத்தரம் உடைஞ்சிடுச்சுப்பா, நாம ஜெயிச்சுட்டோம்" என்றாள். அது அவர் காதில் ஏறவில்லை.

"உக்காரும்மா. உங்கிட்ட ஒண்ணு பேசணும்." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "உன்ன நான் படிக்க விடல. புத்தகத்தக் கிழிச்சுட்டேன். கால ஒடைப்பேன்னு சொல்லிட்டேன். பெத்த புள்ளையப் பார்த்து எப்படிச் சொன்னேன்னு தெரியல."

இந்த முறை அவர் தரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

"அப்பா, அது நாடகம். அவங்க எழுதிக் கொடுத்தது. நீங்க அப்படிப் பண்ணவே இல்ல."

"நீ நல்ல பொண்ணு. அதான் இப்படிச் சொல்ற."

அவள் பஸ்ஸைச் சொன்னாள். பட்டறை வாசலில் காக்கிச் சட்டையோடு வந்து நின்றதைச் சொன்னாள். அவர் யாருடைய அப்பாவைப் பற்றியோ கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அந்த மனுஷன் நல்லவர்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, விழாவில் எடுத்த வீடியோவைப் போட்டு அவளிடம் நீட்டினார். "இது நான்தானே? அத்தன பேர் முன்னால நின்னு பொய்யா சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு தினமும் இதேதான். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் வீட்டுக்குள் வந்தால் எழுந்து நின்றுகொள்வார். உட்காருங்கள் என்றால், எந்த முகத்தோடு உன் முன்னால் உட்காருவேன் என்பார். அவள் மறுத்துச் சொல்லச் சொல்ல, இவள் என்னை மன்னிக்க விரும்பாமல்தான் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்து மூலையில் போய் அழுதார். டாக்டர், இனிமேல் எதிர்த்துப் பேசாதீர்கள், அவருக்கு வேதனைதான் கூடும் என்றார். அந்த வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது அவள் ஒருத்திதான். அவள் சொன்னாலும் அவர் நம்புவதாயில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. மெலிந்துபோயிருந்தார்.

"மன்னிக்க மாட்டியாம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். வேறு ஒரு வழியும் தெரியவில்லை.

"மன்னிச்சுட்டேன்ப்பா."

"நெஜமாவா?"

"நெஜமா."

"புத்தகத்தக் கிழிச்சதையுமா?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "அதையும்தான்ப்பா. வாங்க, உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். அவள் போட்டதையெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.